வாகை மரக் கைகாப்பு

பச்சைமலை அடிவாரத்தில், பாறைமேல் உட்கார்ந்து ஊராருக்கு நல்லது கெட்டது சொல்லும் பாறையம்மையிடம் வந்துபோகிறவர்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. வீட்டில் எந்த வேலையைத் தொடங்குவதானாலும் அதற்கான கருவிகளைக் கொண்டுவந்து முதலில் அம்மை முன்னால் பரப்ப வேண்டும். அம்மை ஒவ்வொன்றாக எடுத்து விசாரிப்பாள். வேண்டியதை இந்தப் பக்கமும் வேண்டாததை அந்தப் பக்கமும் ஒதுக்குவாள். அதன் பிறகே வேலையில் கை வைப்பார்கள். கிணற்று மோட்டாரைக் கழற்றுகிறவனும் வருவான், மகளுக்குப் பாவாடை தைக்கப்போகிறவளும் வருவாள்.

அன்று காலை மருதையன் ஒரு சாக்குப் பையோடு வந்தான்.

அவனுக்கு அறுபது தாண்டிவிட்டது. அம்மைக்கு நாற்பதுக்கு மேல் இராது. செங்கல் சூளையில் சுடுகல் அள்ளி அள்ளி உள்ளங்கை தடித்துப்போனவள். பட்டாளத்தில் துப்பாக்கி பழுது பார்த்தே காலம் தள்ளிய மருதையன், மனைவி இறந்த வருஷம் அவளிடம் வந்து உட்கார்ந்தவன். வயதில் இளையவள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அவனுடைய ஒரே மகன் இளங்கண்ணன், பக்கத்துக் காட்டுச் செங்கோடனின் மக்காச்சோள வேலியில் விழுந்து செத்தான். பன்றிக்கு என்று திருட்டுத்தனமாகக் கரண்ட் விட்டிருந்த கம்பி. போலீஸ் வந்தபோது அங்கே கம்பியும் இல்லை, கம்பி கட்டிய முளைக்குச்சியும் இல்லை. கரண்ட் ஓடியதற்குச் சாட்சியும் இல்லை. போன திங்கட்கிழமை கோர்ட்டு செங்கோடனை விட்டுவிட்டது.

அன்றிலிருந்து மருதையன் மனசில் செங்கோடன் ஒருவன்தான் இருந்தான். அவனைத் தீர்த்துவிட்டு நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்து போய்விடுவது என்று முடிவு செய்திருந்தான். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய துப்பாக்கி வீட்டிலேயே இருந்தது. ஆனாலும் அம்மை முன்னால் கருவிகளை வைக்காமல் வேலையைத் தொடங்க அவனுக்குக் கை வரவில்லை. யார் கேட்டாலும் பன்றிக்கு என்று சொல்லிவிடலாம்.

சாக்கை விரித்தான். அடுப்படியில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த, அம்மைக்குத் துணையாக இருக்கும் பூங்காவனம் எட்டிப் பார்த்தாள்.

"என்ன மருதையண்ணே, சந்தைக்கு வழி தெரியாம இங்க வந்து கடை விரிச்சிட்டீங்களா? அந்த அரத்தக் குடுங்க, என் அருவாமணைக்கு ஆகும்."

"உன் வாய மழுக்கவே அது பத்தாது, பூங்காவனம்."

அவள் சிரித்தாள். மருதையன் சிரிக்கவில்லை.

அம்மை வந்து உட்கார்ந்தாள்.

"என்ன வேலை?"

"துப்பாக்கிக்குக் கைகாப்பு மாட்டணும், தாயே. குழலுக்கு மேல மூடுற மரம். வீட்லயே மாட்டிரலாம். எந்தக் கருவிய எடுக்கறதுன்னு நீங்க சொன்னா..."

அம்மை ஒன்றை எடுத்தாள்.

"இது?"

"திருப்புளி. குழலச் சுத்தியிருக்கற வளையத்துத் திருகைக் கழட்ட. ஒண்ணுக்கு நாலா வச்சிருக்கேன். திருகு வாயில அச்சா உக்காரணும் தாயே. தொளதொளன்னு இருந்தா திருகோட தலையத் தின்னுரும்."

"இது?"

"கொறடு. இது வேணாம். அவசரக்காரன் எடுக்கறது. இரும்பைக் கடிச்சுத் தடம் போட்டுரும்."

அம்மை குறட்டை அந்தப் பக்கம் வைத்தாள்.

"சுத்தி ரெண்டு இருக்கே?"

"இரும்புச் சுத்தியத் தள்ளிருங்க. மரச்சுத்தி போதும். அதுவும் அடிக்கக் கூடாது, பிள்ளையத் தட்டித் தூங்க வைக்கற மாதிரி தட்டணும்."

அம்மை கேட்பதற்குள் தானே அரத்தை எடுத்துக் காட்டினான்.

"இது கடைசிலதான். ராவுனது திரும்பி வராது. மாட்டிப் பாத்து, கழட்டிப் பாத்து, எங்க இடிக்குதோ அங்க மட்டும் ஒரு இழுப்பு இழுக்கணும்."

மகன் போன பிறகு அவன் இத்தனை பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பூங்காவனம்கூடக் கிண்டலை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். கஞ்சி பொங்கியதும் அவசரமாகப் பானையை இறக்கினாள். பிடிதுணியை உதறிப் பார்த்தாள்.

"போன வாரந்தான் பழைய சேலையில கிழிச்சேன் தாயே. அதுக்குள்ள கருகிப்போச்சு பாருங்க."

"கை தப்பிச்சுதுல்ல" என்றாள் அம்மை. மருதையன் பக்கம் திரும்பினாள். "துப்பாக்கி எத்தனை வருஷமா இருக்கு?"

"இருக்கும், இருபது வருஷம்."

"பழைய கைகாப்பு உடஞ்சுபோச்சா?"

"இல்ல. வாங்கும்போதே கிடையாது."

"அது இல்லாமலா இத்தனை வருஷம் பன்னி வெரட்டுனீங்க?"

"ஆமா."

"இப்ப எதுக்கு?"

மருதையன் வாயில், பட்டாளத்தில் புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த பதில்தான் வந்தது.

"குழல் சூடேறும், தாயே. புடிச்ச கை பொத்துப்போகாம இருக்கத்தான்."

"ஒரு வெடிக்குச் சூடேறுமா?"

"ஏறாது."

"ரெண்டுக்கு?"

"வெதுவெதுன்னு இருக்கும். கை தாங்கும்."

"எத்தனைக்குத் தாங்காது?"

மருதையன் திருப்புளிகளை வரிசையாக அடுக்கத் தொடங்கினான்.

"செங்கோடன் வீட்ல எத்தனை பேரு?"

பூங்காவனத்தின் கையில் அகப்பை அப்படியே நின்றது.

மருதையன் தன் கைகளைப் பார்த்தான். திங்கட்கிழமை கோர்ட்டிலிருந்து திரும்பியவன் சாப்பிடக்கூடச் செய்யாமல் மரத்தைச் செதுக்க உட்கார்ந்துவிட்டான். எதற்கு என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஒருவன், ஒரே ஒருவன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தான். கைகள் வேறு கணக்கு வைத்திருந்தன.

கைகளை மடியில் வைத்துக்கொண்டு பேசினான்.

"அவன் மட்டும் இல்ல தாயே. கம்பியச் சுருட்டுனது அவன் பொண்டாட்டி. முளைக்குச்சியப் புடுங்குனது பசங்க ரெண்டு பேரும். மருமக டார்ச்சு அடிச்சிருக்கா. எம்புள்ள அங்கயேதான் கெடந்திருக்கான். அவன் காலுக்கு அடியில மாட்டியிருந்த கம்பிய, காலத் தூக்கிப் போட்டுட்டு எடுத்திருக்காங்க. ஒருத்தரும் அவன் வாயில தண்ணி ஊத்தல. உசுரு இருக்கான்னு குனிஞ்சு பாக்கல."

"இதெல்லாம் யாரு சொன்னா?"

"அந்த மருமகதான். தீர்ப்பு ஆன அன்னைக்கு, கோர்ட்டு வாசல்ல. என் காலப் புடிச்சுக்கிட்டு அழுதா."

"அவளும் கணக்குல உண்டா?"

மருதையன் இல்லை என்று சொல்ல முயன்றான். வரவில்லை.

பாறைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அம்மை கையை நீட்டினாள்.

"அந்த மரத்தக் காட்டுங்க."

மருதையன் சாக்கின் அடியிலிருந்து துண்டில் சுற்றியிருந்ததை எடுத்துக் கொடுத்தான். முழங்கை நீளம். உள்பக்கம் குழலுக்காக வளைவாகக் குடைந்திருந்தது. வெளிப்பக்கம் உப்புத்தாள் தேய்த்து, எண்ணெய் ஊட்டி, மினுமினுவென்று இருந்தது. அம்மை அதைத் தடவிப் பார்த்தாள்.

"நல்லா செஞ்சிருக்கீங்க. என்ன மரம்?"

"வாகை."

"எங்க வாங்குனீங்க?"

"வாங்கல."

அம்மை மரத்தைத் திருப்பி உள்வளைவைப் பார்த்தாள்.

"இளங்கண்ணனோட கட்டில் சட்டம், தாயே. சும்மாதான கெடந்துச்சு. நல்லா வெளஞ்ச மரம்."

"திரும்பக் கட்டில்ல சேருமா?"

"சேராது. குடைஞ்சிட்டேன்."

பூங்காவனம் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அம்மை அந்தப் பக்கம் ஒதுக்கியிருந்த குறட்டையும் இரும்புச் சுத்தியையும் எடுத்து, மற்றக் கருவிகளோடு சேர்த்து, எல்லாவற்றையும் மருதையன் பக்கமே தள்ளினாள்.

"எது வேணும், எது வேணாம்னு சொல்லலையே, தாயே" என்றான் மருதையன்.

அம்மை கைகாப்பை அவனிடம் நீட்டினாள்.

"எதை எடுத்தாலும் உங்க கை வேலைய முடிச்சிரும், மருதையா. இதுவும் கச்சிதமா உக்காந்துரும். நீங்க வெடிக்க வெடிக்க உங்க கைக்கு ஒண்ணும் ஆகாது. அத்தனை சூட்டையும் இளங்கண்ணன் வாங்கிக்குவான்."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. மருதையன் வாங்கவில்லை.