சைக்கிள் பம்பும் நாற்பத்தேழாம் நாளும்

முப்பது வருஷம் பஸ் கண்டக்டராகப் பயணிகளோடு மல்லுக்கட்டி ஓய்வு பெற்ற வைரவநாதனுக்குக் காவி கட்ட ஆசை வந்தது. அவர் போய்ச் சேர்ந்த மடத்தில் அதற்கொரு வழக்கம் உண்டு. நாற்பத்தெட்டு நாள் பந்தியில் பரிமாற வேண்டும். ஒருமுறை கோபப்பட்டாலும் மறுபடி முதல் நாளிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அவருடைய கெட்ட நேரம், பந்தியில் முதல் இலை அழகப்பனுடையது. மடத்தில் வெகுகாலமாக இருப்பவர். சோறு குழைந்துவிட்டது, ரசம் ஆறிவிட்டது என்று தினம் ஒரு குறை சொல்வார். வைரவநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தபடியே பரிமாறினார்.

நாற்பத்தேழாம் நாள் பந்தி முடிந்ததும் மடத்தின் தலைவி மெய்யம்மையிடம் போய் நின்றார். அந்த அம்மாள் அவரைவிடப் பத்து வயது இளையவர்.

"கோபத்தை ஒழிச்சுட்டேன், அம்மா. அமுக்கி அமுக்கி இப்ப மிளகளவுதான் இருக்கு."

மெய்யம்மை மடத்துச் சைக்கிளைக் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் காற்றடிக்கச் சொன்னார். அடித்து முடித்ததும் பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். தொட்டவர் கையை உதறினார்.

"அடுப்பிலயா வச்சோம்?"

"இல்லம்மா. காத்தைத்தான் அமுக்கினேன்."

பிறகு பம்புக் குழாயின் வாயை மெய்யம்மையே பெருவிரலால் அடைத்துக்கொண்டு, இப்போது அழுத்துங்கள் என்றார். வைரவநாதன் உடம்பையெல்லாம் கொடுத்துப் பார்த்தார். பாதிக்கு மேல் கைப்பிடி இறங்கவில்லை.

"உள்ள காத்து குறைஞ்சிருச்சா?"

"எங்க குறையுது? இடம்தான் குறைஞ்சிருக்கு. கையைத் தள்ளுது."

"எவ்வளவு நேரம் இப்படியே பிடிச்சுக்கிட்டிருப்பீங்க?"

"நாளைக்கு வரைக்கும்கூடப் பிடிப்பேன், அம்மா."

சொல்லி வாய் மூடவில்லை. வியர்த்த கை வழுக்கியது. கைப்பிடி மேலே எழும்பி, குனிந்திருந்தவர் தாடையில் வைத்தது ஒரு போடு.

அவ்வளவுதான். பம்பை உதைத்தார். பம்பைச் செய்தவனைத் திட்டினார். அப்படியே பேச்சை அழகப்பன் பக்கம் திருப்பி, நாற்பத்தேழு நாள் குறைகளுக்கும் ஒன்று விடாமல், பஸ் ஸ்டாண்டில் பேசும் தமிழில் பதில் சொன்னார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த அழகப்பன் எல்லாவற்றையும் நின்று கேட்டார். முடிந்ததும் அவர் முகம் தெளிந்திருந்தது.

"அப்பாடா. நீங்க தினமும் சிரிச்சுக்கிட்டே கரண்டியோட வர்றதைப் பார்த்து நான் பயந்துபோய்க் கிடந்தேன்."

வைரவநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு நாள்தான் மிச்சம் இருந்தது.

"மறுபடி முதல் நாள்லேருந்தா, அம்மா?"

"ஆமா. இந்தத் தடவை சிரிக்காம பரிமாறுங்க."