நூற்று நாற்பத்தோராவது விண்ணப்பம்

"நூத்தி நாப்பது பேருக்கு எழுதிட்டனுங்க அம்மிணி. ஒருத்தரும் பதில் போடல."

சொன்னவர் நாச்சிமுத்து. வயது நாற்பத்தெட்டு. ஸ்பின்னிங் மில் ஆபீசில் இங்கிலீஷ் கடிதம் அடித்தவர். மில்லை மூடிவிட்டார்கள். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

கேட்டுக்கொண்டிருந்தவள் கோகிலவாணி. வயது முப்பத்தொன்று. பவானியில் டயர் கடைக்கு மேலே ஓர் அறை, ஒரு கம்ப்யூட்டர். இணையம் வழியே முகம் தெரியாதவர்களுக்கு மொழிபெயர்த்துக் கொடுக்கிறாள். ஆறு வருஷமாக அதுதான் சோறு.

இணையத்தில் வேலை தேடி அலுத்தவர்கள் கடைசியில் அந்த மாடிப்படி ஏறுவார்கள். இவரும் ஏறினார்.

"எல்லாருக்கும் ஒரே லெட்டருங்ளாண்ணா?"

"நல்ல லெட்டருங்க. மூணு நாள் உக்காந்து எழுதினது."

அவர் தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னும் பத்து நாள் பாப்பேன். அதுக்குள்ள ஒரு வேலையாவது வரோணும். இல்லீன்னா பெருந்துறை கம்பெனிக்குப் போயாகோணும். தெனம் பன்னெண்டு மணி நேரம்."

"போனா என்னங்ணா?"

"எங்கப்பன் படுத்த படுக்கை. ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா புரட்டிப் போடோணும். சம்சாரம் தறிக்குப் போயிருது. நானும் போயிட்டா அவரை ஆரு புரட்டறது?"

"இப்ப?"

"பக்கத்து வீட்டுல சொல்லிட்டு வந்தேன். பன்னெண்டுக்குள்ள போயிரோணும்."

மணி பத்து.

"அப்ப எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்ணா" என்றாள்.

வழி கேட்க வந்தவனிடம் வேலை வாங்குகிறாளே என்று நினைத்தார். முகத்தில் தெரிந்தது. அவள் கண்டுகொள்ளவில்லை. எழுந்து தன் நாற்காலியை அவரிடம் தள்ளினாள்.

விஷயம் இதுதான். பால் கறக்கிற மெஷின் செய்கிற கம்பெனி ஒன்று, தன் கையேட்டைத் தமிழில் கேட்டது. அவள் ஒருத்தியால் முடியாத அளவு. உதவிக்கு ஆள் கேட்டு, கம்பெனி பெயரில் இணையத்தில் விளம்பரம் போட்டிருந்தாள். மாதிரிக்கு நாலு பக்கமும் இணைத்திருந்தாள். அறுபத்தொரு பேர் விண்ணப்பித்திருந்தார்கள்.

"ஒருத்தர எடுத்துக் குடுங்க. பேரெல்லாம் எடுத்துட்டேன். நெம்பர் மட்டும் இருக்கும்."

"நானுங்ளா? எனக்கு என்ன தெரியும்?"

"மாடு தெரியுமுல்ல?"

"மாடு தெரியாம இருக்குமா?"

"போதும். படிங்க."

முதல் விண்ணப்பத்தை மரியாதையாக முழுதும் படித்தார். இரண்டாவதையும்.

பத்தாவதில் பாதியில் நிறுத்தினார்.

இருபதாவதில் முதல் வரியோடு சரி.

"என்ன அம்மிணி, எல்லாருமே கடின உழைப்பாளிங்க. எல்லாருமே நேர்மையானவங்க. எல்லாருமே ஒரு வாய்ப்பு குடுங்கன்றாங்க. மாட்டப் பத்தி ஒருத்தனும் வாயத் தொறக்கல."

"மேல படிங்க."

முப்பத்தெட்டாவதில் கண் நேரே கடைசி வரியில் விழுந்தது. சிரித்துவிட்டார்.

"இதக் கேளுங்க. 'உங்கள் ஜவுளிக்கடை மேன்மேலும் வளர என் உழைப்பு துணை நிற்கும்.' மாட்டுக்கு நைட்டி தெக்கப் போறானாட்ட இருக்குது! ஆரு அம்மிணி இந்த மகராசன்?"

அவள் சிரிக்கவில்லை. பெயர்ப் பட்டியலைத் திறந்தாள்.

முப்பத்தெட்டு. நாச்சிமுத்து.

கீழே டயர் கடையில் காற்றடிக்கும் சத்தம். அவர் திரையில் தன் பெயரை விரலால் தொட்டார்.

"அந்த வரி ஜவுளிக்கடை ஒண்ணுக்குச் சேத்தது" என்றார். "அப்பிடியே எல்லாத்துக்கும் போயிட்டிருக்குது போல."

"நான் கல்யாண மண்டபத்துக்கு எழுதினத ஆஸ்பத்திரிக்கு அனுப்பினவ. 'உங்கள் இல்ல விழா சிறக்க என்னை அழையுங்கள்'னு."

அவருக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

"மிச்சத்தையும் படிச்சிருங்க."

ஐம்பத்திரண்டாவது இரண்டே வரி. இங்கிலீஷ் தடுமாறியது. விஷயம் தடுமாறவில்லை.

'மூன்றாம் பக்கத்துப் படத்தில் காற்றுக் குழாய் இடது பக்கம் இருக்கிறது. எழுத்தில் வலது பக்கம் என்று போட்டிருக்கிறது. எது சரி?'

நாச்சிமுத்து கையேட்டின் மூன்றாம் பக்கத்தைத் திறந்தார். விண்ணப்பித்தபோது திறக்கவில்லை. இப்போதுதான் திறக்கிறார்.

இடது. வலது. உண்மைதான்.

அறுபத்தொன்றும் முடிந்தது.

"ஆருங்ணா?"

அவர் வாய் திறப்பதற்குள் அவளே சொன்னாள்.

"உங்களையே எடுத்தாலும் சரிங்க. நான் தட்ட மாட்டேன்."

அவள் முகத்தைப் பார்த்தார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. முப்பத்தெட்டு என்று சொன்னால் போதும். பெருந்துறைக்குப் போக வேண்டாம். அப்பாவைத் தனியே விட வேண்டாம்.

அவர் மூன்றாம் பக்கத்தை இன்னொரு முறை பார்த்தார்.

"அம்பத்திரண்டு" என்றார்.

"அது புதுசுங்ணா. முன்ன வேலை குடுத்தவங்க போட்ட ஸ்டார் ஒண்ணுகூட இல்ல."

"இருக்கட்டும். படத்தப் பாத்திருக்குதே."

"உங்களுக்குத்தானே வேலை வேணும்?"

"வேணுமுங்க." படத்தில் குழாயைக் காட்டினார். "கொழாயத் தப்பா மாட்டினா மாட்டுக்கு வலிக்கும்."

அவள் ஐம்பத்திரண்டுக்குச் செய்தி அனுப்பினாள். அந்த வேலை கைவிட்டுப் போயிற்று.

பிறகு வேலை தேடும் தளத்தில் அவருடைய கணக்கைத் திறக்கச் சொன்னாள். அன்றைய விளம்பரங்கள் வரிசையாக நின்றன.

"ஒண்ணு எடுங்க. ஒண்ணே ஒண்ணு."

முன்பெல்லாம் பத்து நிமிஷத்தில் எட்டுக்கு அனுப்பிவிடுவார். இன்று ஒன்றின் முன்னால் உட்கார்ந்தார்.

யாரோ ஒரு பெண்மணி. கையெழுத்தில் முப்பது பக்கம் இருக்கிறது, தமிழில் தட்டச்சு செய்து தர வேண்டும் என்று கேட்டிருந்தார். மாதிரிக்கு ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்.

அதைத் திறந்தார். பெரிதாக்கினார். சமையல் குறிப்பு. மேலிருந்து கீழே படித்தார். கழுத்தை ஒருபக்கம் சாய்த்தார்.

"என்னங்ணா?"

"ஓரத்துல வேற என்னமோ எழுதியிருக்குது. குறுக்கால. மை வேற, கையெழுத்தும் வேற."

"ம்."

"அத அடிக்கறதா, விடறதான்னு இவங்க சொல்லலியே."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு விசைப்பலகையைப் பார்த்தார். மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய கடிதம் திரையில் ஓரமாகத் தயாராக இருந்தது. அதை மூடினார். நிதானமாக அடித்தார்.

'பக்கத்தின் ஓரத்தில் குறுக்காக வேறு கையெழுத்தில் எழுதியிருப்பதையும் சேர்க்க வேண்டுமா? விட்டுவிட வேண்டுமா?'

கீழே பெயர். அவ்வளவுதான்.

"வேற ஒண்ணும் எழுதலீங்ளா?"

"அது ஒண்ணுதானுங்க எனக்குத் தெரியல."

அனுப்பினார்.

மணி பதினொன்றே முக்கால். எழுந்தார். செருப்பு மாட்டினார். பாதிப் படியில் இருந்தபோது மேலே கம்ப்யூட்டர் ஒரு சத்தம் போட்டது.

"அண்ணா."

திரும்பி ஏறினார். செருப்போடு உள்ளே வந்ததைக் கவனிக்கவில்லை.

திரையில் இருந்தது:

'மேலே இருப்பது என் பாட்டி எழுதியது. ஓரத்தில் இருப்பது என் அம்மா பிற்பாடு எழுதியது. இரண்டும் வேண்டும். இருபது பேர் விண்ணப்பித்தார்கள். ஒருவரும் இதைக் கேட்கவில்லை. எத்தனை நாளில் தருவீர்கள்?'

இரண்டு முறை படித்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

நூற்று நாற்பது கடிதத்திலும் "உடனே முடிப்பேன்" என்று எழுதியவர். இப்போது விரல் விட்டு நாள் எண்ணத் தொடங்கினார்.

"என்ன சொல்லட்டும் அம்மிணி?"

கோகிலவாணி பால் மெஷின் கையேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு சன்னலோரம் போய் உட்கார்ந்துவிட்டாள். தலை நிமிரவில்லை.

"அவங்க என்னையக் கேக்கலீங்களே."