பரணிலிருந்து குதித்த ஃபில்டர்

பொள்ளாச்சியில் ஒரு வீட்டுப் பரணில் ஒரு காப்பி ஃபில்டர் குடியிருந்தது. பக்கத்திலேயே காப்பிக்கொட்டை அரைக்கும் கைமிஷின் ஒன்றும் இருந்தது. இரண்டும் ஒன்றோடொன்று முகம் கொடுத்துப் பேசி இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

முன்பெல்லாம் அவை அப்படி இல்லை. விடிந்ததும் வீட்டுக்காரர் திருமலைசாமி கைமிஷினை மடியில் இடுக்கிக்கொண்டு கைப்பிடியைச் சுற்றுவார். பஸ் டிப்போவில் மெக்கானிக் அவர். கையில் கிரீஸ் போனாலும் கறுப்பு போகாது. கைமிஷின் கரகரவென்று அரைத்துக் கொடுக்கும். ஃபில்டர் அதை வாங்கி, வெந்நீரையும் வாங்கி, அவசரமே இல்லாமல் சொட்டுச் சொட்டாக இறக்கும். திருமலைசாமி டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு கண்ணை மூடுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் ஃபில்டர் உயிரை வைத்துக்கொண்டிருந்தது.

அந்தச் சந்தோஷத்தைப் பற்றிப் பேச ஆள் வேண்டுமென்று அவர் கைப்பேசியில் ஒரு குழு தொடங்கினார். 'நம்ம வீட்டுக் காப்பி' என்று பெயர் வைத்தார். முதலில் ஏழு பேர்தான். கொட்டை எங்கே வாங்கலாம், எவ்வளவு வறுக்கலாம், சிக்கரி சேர்ப்பது பாவமா என்றெல்லாம் அதில் சண்டை நடக்கும். டிப்போவில் மத்தியானச் சோற்றைப் பிசைந்துகொண்டே அவர் எல்லோருக்கும் பதில் எழுதுவார்.

பிறகு அவருக்குப் பத்து நாள் காய்ச்சல் வந்தது. எழுந்த அன்று ஆசையாகக் காப்பி போட்டார். டம்ளரை மூக்குக்குக் கீழே பிடித்தார். கண் மூடவில்லை. ஒரு வாய் குடித்துவிட்டுக் கீழே வைத்தார். மறுநாள் கொட்டையை மாற்றிப் பார்த்தார். அதற்கு மறுநாள் ஃபில்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அதன் ஓட்டைகளை வெகுநேரம் பார்த்தார். இரண்டு வாரம் கழித்து மனைவி கலாமணியிடம், "இதையெல்லாம் எடுத்து மேல போட்டுரு, கலா" என்றார். அவ்வளவுதான் ஃபில்டரின் காதில் விழுந்தது.

பரணுக்கு வந்த முதல் நாளே சண்டை.

"உன்ற பல்லு மழுங்கிப்போச்சு. பொடி ஒழுங்கா விழல. அதான் அவரு வெறுத்துட்டாரு" என்றது ஃபில்டர்.

"உன்ற ஓட்டையெல்லாம் அடைச்சுக் கெடக்குது. என்னையச் சொல்ல வந்துட்டியா?" என்றது கைமிஷின்.

வெளியே அப்படிப் பேசினாலும், தப்பு தன்னுடையதுதான் என்று ஃபில்டர் உள்ளுக்குள் நம்பியது. கைமிஷினும் தன்னைப் பற்றி அப்படியேதான் நம்பியது. இரண்டும் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை.

ஒரு திங்கட்கிழமை கலாமணி ஸ்டூலில் ஏறி ஒரு பத்திரிகையைப் பரணில் செருகினாள். வந்து விழுந்ததும் அது மடிப்பை நீவிக்கொண்டு பேச ஆரம்பித்தது.

"சற்றுத் தள்ளி உட்காருங்கள். நேற்றுக் காலை எட்டு மாவட்டங்களில் என்னைப் படித்தார்கள்."

"இன்னிக்கு எங்ககூடக் கெடக்கறே" என்றது கைமிஷின்.

பத்திரிகை அதைக் காதில் வாங்காமல் சொன்னது: "என் ஒன்பதாம் பக்கத்தைப் பாருங்கள். இந்த ஆண்டின் சிறந்த இணையக் குழுவாக 'நம்ம வீட்டுக் காப்பி' தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளது. முப்பதாயிரம் வீடுகள்! வரும் ஞாயிறு அதற்கு முழுப் பக்கம். ஆனால் ஒரு சிக்கல். குழுவைத் தொடங்கியவரைக் காணவில்லை."

ஃபில்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "காணலையா?"

"இரண்டு ஆண்டுகளாக அவர் பேசுவதில்லையாம். இப்போது நடத்துவது நாகர்கோவில் எஸ்தர் டீச்சர். 'அவர் வாயால் சொல்லாமல் எங்களைப் பற்றி ஒரு வரி எழுதக் கூடாது' என்கிறாராம் அவர். எங்கள் நிருபர் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைக்காவிட்டால் அந்தப் பக்கம் ஒரு நகைக்கடை விளம்பரத்துக்குப் போய்விடும்."

முப்பதாயிரம் வீடு. அத்தனையையும் கட்டியவர் அதை விட்டுப் போயிருக்கிறார். ஒரு காப்பியை ஒழுங்காக இறக்கத் தெரியாத தன்னால்தானே என்று ஃபில்டர் தன்னையே நொந்துகொண்டது.

புதன்கிழமை சாயங்காலம் நிருபர் வந்துவிட்டாள். ஹசீனா என்று பெயர். முதுகில் பை, கையில் குறிப்பு நோட்டு. திருமலைசாமி அப்போதுதான் டிப்போவிலிருந்து வந்து கை கழுவியிருந்தார். பரண் சமையலறை வாசலுக்கு மேலேதான். கூடத்தில் பேசுவது அத்தனையும் கேட்கும்.

"ஆரம்பிச்சது நீங்கதானே சார்?"

"ஆரம்பிச்சது நாந்தானுங். இப்ப எனக்கும் அதுக்கும் சம்பந்தமில்லீங்க அம்மிணி. டீச்சரு நல்லாப் பண்றாங்க. அவங்களையே போட்டுருங்க."

"அவங்க மாட்டேங்கறாங்க. ஏன் சார் விட்டுட்டீங்க?"

"வேல ஜாஸ்திங்க."

"சரி, ஒரே ஒரு போட்டோ. உங்க ஃபில்டரைக் கையில வெச்சுக்கிட்டு."

திருமலைசாமி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அதெல்லாம் இப்ப இல்லீங்க. பழைய சாமாங்காரனுக்குப் போட்டாச்சு."

கலாமணி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். அவள் கண் ஒரு தடவை பரணுக்குப் போய்விட்டுத் திரும்பியது.

"கேட்டியா? நம்மளக் கருமாதியே பண்ணிட்டாரு" என்றது கைமிஷின். இரண்டு வருஷத்தில் அது ஃபில்டரிடம் பேசிய முதல் பேச்சு.

"அவரு பொய் சொல்ற ஆளே இல்ல" என்றது ஃபில்டர். "அவரையே பொய் சொல்ல வெக்கற அளவுக்கு நாம என்ன பண்ணிட்டோம்? எனக்கு அது தெரியோணும். நான் கீழ போறேன்."

"பைத்தியமா உனக்கு? விழுந்தா நசுங்கிருவே."

"நசுங்கட்டும். உன்ற கைப்பிடியால ஒரு தள்ளு தள்ளு."

கைமிஷின் யோசித்தது. பிறகு மெதுவாகக் கேட்டது: "என்ற பல்லுனாலதான் எல்லாம் கெட்டுச்சுன்னா, அதையும் கேட்டுட்டு வந்து சொல்லுவியா?"

"சொல்றேன்."

அதுவரை சும்மா இருந்த பத்திரிகை தொண்டையைச் செருமியது. "என் வழவழப்பான பக்கம் மேலே இருக்கும்படி கிடக்கிறேன். வழுக்கிக்கொண்டு போங்கள்."

கைமிஷின் பலத்தையெல்லாம் கூட்டித் தள்ளியது. ஃபில்டர் வழுக்கியது, விளிம்பில் ஒரு நொடி நின்றது, விழுந்தது.

தெருவுக்கே கேட்கிற மாதிரி ஒரு சத்தம். மேல்பாகம் ஒரு பக்கம், அடிப்பாகம் ஒரு பக்கம். மூடி மட்டும் உருண்டு உருண்டு போய் ஹசீனாவின் காலடியில் சுழன்று படுத்தது.

ஹசீனா மூடியைப் பார்த்தாள். திருமலைசாமியைப் பார்க்காமல் இருந்தாள். அவர் குனிந்து ஒவ்வொரு பாகமாகப் பொறுக்கினார். ஃபில்டரின் இடுப்பில் விழுந்திருந்த நசுங்கலைக் கட்டை விரலால் தடவினார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"எனக்கு வாசனை தெரியறதில்லீங்க, அம்மிணி" என்றார். "அந்தக் காச்சல்ல போனது. மல்லிப்பூவும் ஒண்ணுதான், டீசலும் ஒண்ணுதான். காப்பி வெறும் கசப்புத் தண்ணி. நானும் கொட்டைய மாத்துனேன், தண்ணிய மாத்துனேன். இது மேல ஒரு குத்தமுமில்லீங்க. நல்லாத்தான் எறக்குச்சு. மிஷினும் நல்லாத்தான் அரைச்சுது. கெட்டுப்போனது நாந்தான். அதுகளப் பாக்கப் பாக்க மனசு கேக்கல, மேல போடச் சொல்லிட்டேன்."

அவர் மடியில் கிடந்த ஃபில்டர் நடுங்கியது. பரணில் கைமிஷினின் கைப்பிடி, தொடாமலே கால் சுற்றுச் சுற்றி நின்றது.

"இவகிட்டக்கூடச் சொன்னதில்ல" என்றார் அவர்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள் கலாமணி. "போன வருசம் ஊசிப்போன சாம்பார நாந் தெரியாம ஊத்திட்டேன். நல்லாருக்குதுன்னு ரெண்டாந்தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீங்க. அன்னிக்கே தெரியும். நீங்களாச் சொல்லட்டும்னு இருந்தேன்."

திருமலைசாமி அவளை அண்ணாந்து பார்த்தார். சிரிக்கவா அழவா என்று அந்த முகத்துக்குத் தெரியவில்லை.

ஹசீனா நோட்டை மூடினாள். "இதை எழுத வேண்டாம்னா எழுதலை சார். எடிட்டர்கிட்ட நான் பேசிக்கறேன்."

"ஊரு சிரிக்குமுங்க. மூக்கில்லாதவன் காப்பிக்குச் சங்கம் வெச்சானாம்னு." கொஞ்ச நேரம் ஃபில்டரை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "ஆனா முப்பதாயிரம் பேர்ல என்னயாட்டம் இன்னொருத்தன் சொல்லாம ஒளிஞ்சுட்டிருப்பான். எழுதுங்க. பேரு போட்டே எழுதுங்க."

ஞாயிற்றுக்கிழமை முழுப் பக்கம் வந்தது. குழுவுக்குக் கிடைத்த பெருமை மேலே கொட்டை எழுத்தில். நடுவில் படம்: நசுங்கிய ஃபில்டரும், அதைப் பிடித்திருந்த கறுத்த விரல்களும். திருமலைசாமி அன்று முழுக்கக் கைப்பேசியைத் தொடவில்லை. யார் சிரிக்கிறார்களோ என்று பயம்.

திங்கட்கிழமை யாரும் சிரிக்கவில்லை. செவ்வாய்க்கிழமை கூரியர்காரர் வந்தார். புதன்கிழமை இரண்டு தடவை வந்தார். ஏற்காட்டிலிருந்து, கும்பகோணத்திலிருந்து, மும்பையிலிருந்துகூடப் பொட்டலங்கள். காப்பிக்கொட்டை, கிராம்பு, ஏலக்காய், காய்ந்த எலுமிச்சைத் தோல். தூத்துக்குடி நர்ஸ் ஒருத்தி ஒரு கடிதமே எழுதியிருந்தாள்: 'எனக்கும் காய்ச்சலில் வாசனை போனது, அண்ணா. யாரிடமும் சொல்லவில்லை. டாக்டர் சொன்னபடி தினம் காலையும் மாலையும் நாலு சாமானை மாற்றி மாற்றி மோந்தேன். பதினோரு மாதம் கழித்துக் கொஞ்சம் வந்தது. எல்லாருக்கும் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் மோந்துகொண்டே இருங்கள்.'

கைமிஷின் பரணிலிருந்து இறங்கியது. "என்ற பல்லுக்கு ஒண்ணுமில்லியாம்" என்று அடுப்பங்கரைப் பாத்திரங்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டது. புகழ்பெற்ற ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தைக் கலாமணி ஒரு வாரம் பத்திரமாக வைத்திருந்தாள். அப்புறம் அலமாரித் தட்டில் விரித்து, மோந்து பார்க்கும் நாலு டப்பாக்களையும் அதன்மேல் அடுக்கினாள்.

"என் தலைப்பின் மேலேயே கிராம்பு டப்பா உட்கார்ந்திருக்கிறது" என்று அது குறைப்பட்டது. பிறகு கொஞ்சம் வெட்கத்தோடு, "தினம் இரண்டு தடவை அவர் என் முன்னால் வந்து நிற்கிறார். ஒரே நாளில் படித்துப் போட்டுவிடுகிற பிழைப்புக்கு இது தேவலை" என்றது.

காலையில் திருமலைசாமி காப்பி போடுவார். கலாமணி குடிப்பாள். அவள் முகத்தைப் பார்த்து, இன்றைக்கு எப்படி வந்திருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்வார். அதைக் குழுவில் எழுதுவார்: 'இன்று கலாவின் புருவம் ஏறியது. கொஞ்சம் அதிகமாக வறுத்துவிட்டேன்.' அதைப் படிக்கவே ஆட்கள் காத்திருந்தார்கள். வாசனை போன இன்னும் பதினாறு பேர் தங்கள் பெயரைச் சொல்லிக்கொண்டு வந்தார்கள்.

ஆனால் டப்பாக்கள் வாயைத் திறந்து திறந்து மூடியதுதான் மிச்சம். ஒரு மாதம், இரண்டு மாதம், ஐந்து மாதம். அவர் கண்ணை மூடிக்கொண்டு மோப்பார். கலாமணி கேட்காமல் நிற்பாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த டப்பாவை எடுப்பார்.

"நம்மளால முடியாதோ என்னமோ" என்றது ஃபில்டர் ஒரு நாள்.

"அவரு நிறுத்துனாரா? நிறுத்தல. நீ உன்ற வேலையப் பாரு" என்றது கைமிஷின்.

ஆறாம் மாதம் ஒரு ஞாயிறு. கலாமணி அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்தாள். பக்கத்து வீட்டு அம்மா பேச்சுக் கொடுத்துவிட்டாள். திருமலைசாமி கூடத்தில் தரையில் உட்கார்ந்து, தையல் மிஷினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். பால் பொங்கியது, வழிந்தது, வற்றியது.

"எரியுது! யாராச்சும் வாங்களேன்!" என்று கத்தியது பால் பாத்திரம். ஃபில்டரும் கைமிஷினும் மேடையில் செய்வதறியாமல் நின்றன. மனிதர்களுக்கு எங்கே கேட்கிறது?

கூடத்தில் எண்ணெய்க் குப்பி சாய்ந்தது.

திருமலைசாமி சமையலறை வாசலுக்கு வந்தார். நிலைச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மூக்கு விடைத்தது. இன்னொரு தடவை இழுத்தார். கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"கலா!" அந்தக் குரலைக் கேட்டு மாடிப்படியில் துணியெல்லாம் சிந்தச் சிந்த அவள் ஓடிவந்தாள். கறுத்துப்போன பாத்திரத்தைப் பார்த்ததும், "ஐயோ, என்ற பாலு!" என்று அடுப்பை அணைக்கப் பாய்ந்தாள்.

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிறுத்தாத புள்ள. இன்னுங் கொஞ்சம் தீயட்டும்."