மந்தி தலையாட்டிய கூட்டம்

ஆற்றோரக் காட்டில் விலங்குகள் கூட்டம் போட்டால் கடைசியில் சண்டைதான் மிஞ்சும்.

"நான் எப்போது ஒப்புக்கொண்டேன்?" என்று கரடி உறுமும்.

"நேற்று இதே இடத்தில்! இதே வாயால்!" என்று முள்ளம்பன்றி சிலிர்த்துக்கொள்ளும்.

மைனா வந்தபின் சண்டை ஓய்ந்தது. அது கிளையில் உட்கார்ந்து எல்லோர் பேச்சையும் கேட்கும். கூட்டம் கலைந்ததும் ஒவ்வொருவரிடமும் பறந்து போய், அவரவர் வேலையை மட்டும் பிரித்துச் சொல்லும். கேட்டதில் ஒரு சொல்லும் பிசகாது.

அந்த ஆண்டு மலைக்கு அப்பால் மழை கொட்டியது.

"நாளை உச்சிப்பொழுதுக்குள் வெள்ளம் வந்துவிடும். பாறைமேட்டுக்குப் போய்விடுங்கள்!" என்று சொல்லிவிட்டு யானைகள் கடந்து போயின.

மருத மரத்தடியில் விலங்குகள் அவசரமாகக் கூடின.

"பாதையில் விழுந்து கிடக்கும் மரத்தை நான் தள்ளிவிடுகிறேன்," என்றது கரடி.

"மேட்டில் தின்ன ஒன்றும் இல்லை. நான் பழம் சேர்த்து வைக்கிறேன்," என்றது மந்தி. சொல்லிவிட்டுப் பலாச்சுளையை வாயில் திணித்துக்கொண்டது.

முயல் தயங்கித் தயங்கி முன்னே வந்தது.

"என் குட்டிகள் நாலும் இன்னும் கண் திறக்கவில்லை. என்னால் ஒவ்வொன்றாகத்தான் கவ்விப் போக முடியும். மேடோ தூரம். மந்தி அக்கா, நீங்கள் வந்து அள்ளிக்கொண்டு போவீர்களா?"

மந்தி வேகமாகத் தலையாட்டியது.

"விழுங்கிவிட்டு ஆட்டுடி! கொட்டை தொண்டையில் சிக்கப் போகிறது!" என்றது கரடி.

எல்லோரும் சிரித்தார்கள். முயலும் சிரித்தது. யானைகள் சொன்னதிலிருந்து அது சிரிக்கவே இல்லை.

கூட்டம் கலைந்தது. மைனா மந்தியிடம் வந்தது.

"பழம் சேர்த்துப் பாறை இடுக்கில் வை. உனக்கு அவ்வளவுதான். நான் விட்டது ஏதும் உண்டா?"

மந்திக்கு முயலின் முகம் ஒரு கணம் நினைவுக்கு வந்தது. 'அது என் வேலை என்றால் மைனா சொல்லியிருக்குமே! வேறு யாரிடமோ கொடுத்திருக்கும்.'

"ஒன்றும் இல்லை. நீ சொன்னால் சரி!" என்றது.

மறுநாள் காலை மந்தி ஓடி ஓடிப் பழம் சேர்த்தது. அத்தி, நாவல், இலந்தை என்று பாறை இடுக்கு நிரம்பியது. முயல் பொந்தின் வாயில் உட்கார்ந்து பாதையையே பார்த்துக்கொண்டிருந்தது.

"பெரியம்மா வந்துவிடுவார்," என்று குட்டிகளிடம் சொன்னது. மறுபடியும் சொன்னது.

வெள்ளம் உச்சிப்பொழுதுவரை காத்திருக்கவில்லை.

முயல் மேட்டுக்கு வந்து சேர்ந்தபோது அதன் வாயில் ஒரு குட்டி இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி ஓடப் பார்த்தது. கரடி குறுக்கே நின்று தடுத்தது. கீழே பொந்து இருந்த இடத்தில் பழுப்பு நீர் சுழித்துக்கொண்டிருந்தது.

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" என்று மந்தி மைனாவைப் பார்த்து அலறியது.

"உன் குரல் என் காதில் விழவில்லை. காதில் விழுந்ததைத்தான் நான் சொல்வேன். விட்டது உண்டா என்று உன்னிடம் கேட்டேனே," என்றது மைனா.

"நீங்கள் தலையாட்டியதை நான் பார்த்தேன், அக்கா," என்றது முயல். "அதனால்தான் காத்திருந்தேன்."

முயல் ஈரக் குட்டியை நக்கி நக்கித் துடைத்துக்கொண்டே இருந்தது.

ஒப்புக்கொண்ட வேலையை நினைவூட்ட இன்னொருவரை வைத்துக்கொள்ளலாம். அதன் பொறுப்பை மட்டும் யாரிடமும் விட முடியாது.