டெஸ்டர் அண்ணனின் பயம்

சங்கிலிமுத்து ஐம்பத்திரண்டு வயதில் சீடரானார். குருவுக்கு இருபத்தெட்டு வயது. பெயர் ரெஜினா. தேனிப் பக்கம் ஒரு சமுதாயக் கல்லூரியில் எலக்ட்ரிக்கல் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார்.

அதுவரை சங்கிலிமுத்து கல்யாணச் சமையல்காரர். புகை நெஞ்சைப் பிடித்துக்கொண்டது. இனி அடுப்படியில் நிற்கவே கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மண்டபத்து முதலாளி நல்ல மனுஷன். "சர்டிபிகேட்டோட வாங்க, நம்ம மண்டபத்துலயே எலக்ட்ரீசியனா இருங்க" என்றார். வீட்டில் எல்லோரும் அந்த வார்த்தையைத்தான் நம்பி இருந்தார்கள்.

ஆனால் சங்கிலிமுத்துவுக்குக் கரண்ட் என்றால் குலை நடுங்கும். ஐந்நூறு பேருக்கான சாம்பார் அண்டாவை அநாயாசமாக இறக்கிய கை, ஒரு ஒயரைத் தொட ஆயிரம் யோசித்தது. டெஸ்டர் வைத்துப் பார்ப்பார். அதன் விளக்கு எரியாது, கரண்ட் இல்லை. உடனே டெஸ்டர் மேலேயே சந்தேகம் வந்துவிடும். கரண்ட் இருக்கிற பிளக்கில் வைத்து, அது வேலை செய்கிறதா என்று பார்ப்பார். மறுபடி ஒயருக்கு வருவார். கேன்டீனில் எவர்சில்வர் டம்ளரையும் அப்படித்தான் வாங்குகிறார் என்று வகுப்பில் பேச்சு. பெயரே டெஸ்டர் அண்ணன் ஆகிவிட்டது.

மாதிரித் தேர்வில் மற்றவர்கள் பல்பை எரியவிட்டு டீ குடிக்கக் கிளம்பியபோது, இவர் முதல் ஸ்விட்சையே முடிக்கவில்லை. நிஜத் தேர்வு திங்கட்கிழமை.

சாயங்காலம் வகுப்பு கலைந்ததும் சங்கிலிமுத்து ரெஜினாவுக்கு முன்னால் போய் நின்றார்.

"டீச்சர், இந்தப் பயம் எப்பப் போகும்?"

"ஏண்ணே?"

"போகும்னா இருக்கேன். போகாதுன்னா இன்னைக்கே நின்னுக்கிறேன். திங்கக்கிழமை வந்து அசிங்கப்பட வேணாம்ல."

ரெஜினா அவரை வராந்தாவுக்குக் கூட்டிப் போனார். எல்லா வகுப்புக்குமான ஃபியூஸ்களும் அங்கேதான் வரிசையாக இருந்தன. ரெஜினா சங்கிலிமுத்துவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி, கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"இது என் பையில இருக்கிற வரைக்கும் நம்ம பயிற்சிப் பலகையில இருக்கிற ஒயர் வெறும் கயிறுண்ணே. கண்ணைக் கட்டிவிட்டாலும் என் கை சரியான கட்டைக்குத் தானாப் போகும்."

உள்ளே பயிற்சிப் பலகையில் ஒயர் முனைகள் தோல் உரிந்து நீட்டிக்கொண்டிருந்தன.

"இப்ப நான் வெறுங்கையால தொடப் போறேன். பாத்துக்கிட்டே நில்லுங்க. பயம் போயிரும்."

விரலை நீட்டினார்.

"ஒரு நிமிஷம் டீச்சர்."

"என் மேல நம்பிக்கை இல்லையா?"

"உங்க மேல இருக்கு டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே சங்கிலிமுத்து டெஸ்டரை ஒயரில் வைத்தார்.

டெஸ்டர் எரிந்தது.

ரெஜினா விரலை மடக்கிக்கொண்டார்.

"டெஸ்டர் கெட்டுப்போயிருக்கும்ணே."

"உள்ள வர்றப்பதான் வராந்தா பிளக்குல வச்சுப் பாத்தேன் டீச்சர்."

அப்போது பக்கத்து வகுப்புத் தையல் டீச்சர் கோமளா, கையில் கத்தரிக்கோலோடு வாசலில் வந்து நின்றார்.

"ஏம்மா ரெஜினா, மத்த ரூம்லயெல்லாம் கரண்ட் இருக்கு. எங்க மெஷினெல்லாம் மட்டும் நின்னுபோச்சு. பாதி ஜாக்கெட்டோட உக்காந்திருக்கோம். என்னன்னு பாரேன்."

ரெஜினா கோட்டுப் பையிலிருந்து கட்டையை எடுத்துப் பார்த்தார். அது தையல் வகுப்புக் கட்டை. போய் அதை மாட்டிவிட்டு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்து அறையில் மெஷின்கள் மறுபடி கடகடத்தன.

சங்கிலிமுத்துவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மூத்த மகள் வயதுதான் இருக்கும். ஓடிப்போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். ரெஜினா அதை வாங்குமுன் ஒரு கணம் டம்ளரையே பார்த்தார்.

அவர் குடித்து முடிக்கும் வரை சங்கிலிமுத்து பொறுமையாக நின்றார்.

"அப்ப நான் இருக்கவா டீச்சர், நின்னுக்கவா?"

"இருங்கண்ணே. நாளைக்கும் நாளன்னைக்கும் வாங்க. வேகத்தை நான் சொல்லித் தர்றேன்."

"பயம்?"

ரெஜினா டம்ளரைக் கீழே வைத்தார்.

"உங்களுக்கு எப்பப் போகும்னு தெரியலண்ணே. எனக்குப் போன வருஷமே போயிருச்சு."