ஆமென் சொல்லாத பொன்னுத்துரை

பொன்னுத்துரையின் மனைவி சலோமி காலையில் இறந்துபோனாள். மத்தியானத்துக்குள் கோயில் கமிட்டி கூடி ஒரு முடிவு எடுத்துவிட்டது.

முடிவைச் சொல்ல வந்தவர் சேகர ஐயர், அந்தச் சபையின் போதகர். கெட்ட மனிதர் இல்லை. சவப்பெட்டியின் அருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பொன்னுத்துரையை வாசலுக்கு அழைத்துப் போனார்.

"கல்லறைத் தோட்டத்து வாசல்ல விசுவாச அறிக்கை சொல்லணுமாம் அண்ணாச்சி. குமாரனும் பிதாவுக்குச் சமமான தேவன்னு. நானே சொல்லுதேன். நீங்க ஆமென் மட்டும் சொன்னாப் போதும்."

"சொல்லலைன்னா?"

"பூட்டைத் திறக்க மாட்டாங்க. என் கையில ஒண்ணும் இல்ல."

பொன்னுத்துரை அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். அறுபதைத் தாண்டியவர். யாரோடும் மல்லுக்கு நின்று பழக்கம் இல்லை. கொஞ்ச காலமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலுக்குப் போகாமல், உப்புக் கிட்டங்கித் தெருவில் சற்குணம் டீச்சர் வீட்டுக்கு வேதபாடம் கேட்கப் போய்வந்தார். சலோமியும் கூடப் போனாள். கமிட்டிக்கு அதுதான் கோபம்.

சற்குணம் அவரைவிட வயதில் மிகவும் இளையவள். இறையியல் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்தியவள். தேவன் ஒருவரே, அவர் பிதா; இயேசு அவர் அனுப்பிய குமாரன், நம் ஆண்டவர், ஆனால் தேவன் அல்ல என்று வகுப்பில் சொன்னாள். திருத்திச் சொல்லும்படி கேட்டார்கள். மாட்டேன் என்றாள். வேலை போயிற்று.

பொன்னுத்துரை உள்ளே வந்தார். பெண்களோடு உட்கார்ந்திருந்த டீச்சரைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"என் பிள்ளை எபனேசர் அங்கதான் கிடக்கான் டீச்சர். ஒன்பது வயசுல கொண்டுபோய் வச்சோம். அவன் பக்கத்துல போடுங்கன்னு சலோமி நேத்துக்கூட சொன்னா. ஒரு வார்த்தைதானே. வாயால சொல்லிட்டு, மனசுல இல்லைன்னு வச்சுக்கிட்டா என்ன?"

டீச்சர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

"இயேசு பிடிபடுறதுக்கு முன்னால தோட்டத்துல முகங்குப்புற விழுந்து கெஞ்சினாரே அண்ணே. எதுக்கு?"

"சாவு விலகிப் போகணும்னு."

"நெசமாவே கெஞ்சினாரா, இல்ல நமக்குக் காட்டுறதுக்கா?"

"நெசமாத்தான். வேர்த்துக் கொட்டுச்சே."

"யாருகிட்ட?"

பிதாவிடம் என்று பொன்னுத்துரைக்குத் தெரியும்.

"அவரை விசாரிச்சவங்களும் வாயால ஒரு வார்த்தைதான் எதிர்பார்த்தாங்க. அவரு உயிருக்குப் பயந்து மாத்திச் சொல்லலை" என்றாள் டீச்சர். "ஆனா நீங்க சொல்லக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். அவங்க உங்க பொண்டாட்டி. அவன் உங்க பிள்ளை."

"அப்போ நான் என்னதான் செய்ய?"

அவள் எழுந்து முன்கட்டுக்குப் போய்விட்டாள். பொன்னுத்துரைக்கு அவள்மேல் கோபமாக வந்தது.

வெயில் தாழும்போது பெட்டியை எடுத்தார்கள். நான்கு பேர் சுமந்தார்கள், நால்வரும் சொந்தக்காரர்கள். கல்லறைத் தோட்டத்துக் கதவு பூட்டியிருந்தது. கமிட்டிச் செயலாளர் ஜோயல்ராஜ் சாவியோடு உள்பக்கம் நின்றார். கம்பிகளுக்கு நடுவே வேப்பமரமும், அதன் அடியில் எபனேசரின் சின்னச் சிலுவையும் தெரிந்தன.

பெட்டியை இறக்கி வைத்தார்கள். ஐயர் அறிக்கையைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டுப் பொன்னுத்துரையைப் பார்த்தார்.

பொன்னுத்துரை சிலுவையைப் பார்த்தார். ஆமென் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் ஐயர், மெதுவாக.

"அவரு தேவனோட குமாரன்" என்றார் பொன்னுத்துரை. "என் ஆண்டவரு. எனக்காகச் செத்தவரு. அதுக்கு ஆமென்."

"மிச்சத்துக்கு?"

"மிச்சத்தை அவரே சொல்லலையே ஐயா. என் பிதா என்னைவிடப் பெரியவருன்னுல்லா சொன்னாரு. அவரு சொல்லாததை, அவரு பேரால நான் எப்படிச் சொல்லுவேன்?"

ஜோயல்ராஜ் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"முனிசிபாலிட்டி இடுகாடு இருக்கு. அங்க கொண்டு போங்க. ஆனா பெட்டிக்குத் தோள் கொடுக்குறவங்க யோசிச்சுக்கிடுங்க. நாளைக்கு உங்க வீட்டுக் கல்யாணத்துக்கும் இதே கோயில்தான்."

சுமந்து வந்தவர்களில் இரண்டு பேர் தலையைக் குனிந்துகொண்டு ஒதுங்கினார்கள். அதில் ஒருவன் சலோமியின் தம்பி.

பொன்னுத்துரை குனிந்து ஒரு முனையைப் பிடித்தார். இன்னொரு முனைக்கு ஆள் இல்லை. கூட்டம் சும்மா நின்றது.

டீச்சர் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்தாள். அந்த ஊரில் பெண்கள் பெட்டி சுமப்பதில்லை. யாரோ அதைச் சொல்லவும் செய்தார்கள். அவள் குனிந்து தூக்கித் தோளில் வைத்துக்கொண்டாள்.

"நடங்க அண்ணே" என்றாள்.

உப்பளத்துப் பாதையில் போனார்கள். டீச்சர் உயரம் குறைவு. பெட்டி அவள் பக்கம் சாய்ந்தது. பொன்னுத்துரை முழங்காலை மடக்கி மடக்கி நடந்தார். கொஞ்ச தூரம் போனதும் பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. சலோமியின் தம்பி ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் அக்காவின் பெட்டிக்கு நடுவில் கை கொடுத்தான்.

இடுகாட்டில் உவர்மண். வெட்ட வெட்டச் சரிந்தது. ஜெபம் சொல்ல ஐயர் வரவில்லை. டீச்சர்தான் சொன்னாள். மண்ணைத் தள்ளி மூடினார்கள். டீச்சர் மட்டும் நிற்க, மற்றவர்கள் கை கால் கழுவப் போனார்கள்.

பொன்னுத்துரை மண்மேட்டின் அருகே உட்கார்ந்துவிட்டார். அதுவரை அழாதவர், அப்போதுதான் அழுதார்.

"டீச்சர், பிள்ளை அங்க தனியாக் கிடக்கான். தாய் இங்க கிடக்கா. இவ்வளவும் எதுக்கு? அவரு தேவனாவே இருந்திருந்தா எனக்கு என்ன நஷ்டம்?"

சற்குணம் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் அழுது ஓயும்வரை காத்திருந்தாள்.

"தேவனே செத்து எழுந்தாருன்னா அதுல நமக்கு என்ன இருக்கு அண்ணே? இயேசு நம்ம அக்கா மாதிரியே செத்தாரு. அக்கா மாதிரியே, தானா எழுந்திரிக்க முடியாமக் கிடந்தாரு. வந்து எழுப்பினவரு வேற ஒருத்தரு, பிதா. அவரு அங்கேயும் வருவாரு. இங்கேயும் வருவாரு."