குளவி கொட்டிய போலீஸ்காரன்

கோணாங்குளத்தில் போலீஸைப் பார்த்து ஓடியவர்கள் நிறையப் பேர் உண்டு. போலீஸாகப் போனவர் ஒருவர்கூடக் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கப் பிறந்தவன் மாசானம். ஆள் எடுப்பில் ஓட்டப் பந்தயத்தில் அவனுக்குத்தான் முதலிடம். வேறொன்றுமில்லை, ஓடச் சொன்ன அதிகாரி காக்கிச் சட்டையோடு அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த நிலைமையில் கோணாங்குளத்துக்காரன் எவனும் எப்படி ஓடுவானோ அப்படி ஓடினான். கோட்டைத் தாண்டியும் நிற்கவில்லை. தேர்வாகிவிட்டான் என்று சொல்வதற்கு ஆள் விட்டுத் தேட வேண்டியிருந்தது.

பிறகு பயிற்சிப் பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குள் வந்து சேர வேண்டும், பிந்தினால் வேலை ரத்து. வேலை மட்டும் போனால்கூடப் பரவாயில்லை. தாய்மாமன் பலவேசம் முன்பே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "காக்கி போட்டுட்டு வா, முப்பிடாதியக் கட்டித் தாரேன். இல்லன்னா அவள உரக்கடைக்காரனுக்குக் குடுத்துருவேன்." முப்பிடாதி அவர் மகள். மாசானத்துக்கு அவள் மேல் உயிர். அவளுக்கும் அவன் மேல் உயிர்தான், ஏன் என்று அவளுக்கே தெரியாது.

பலவேசம் கறார் பேர்வழியே தவிர கெட்டவர் இல்லை. மருமகனைத் தயார்செய்யும் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டார். துணைக்கு அவர் தம்பி கொம்பையாவும் மாசானத்தின் அண்ணன் உடையாரும் வந்தார்கள். நாலு பேரும் பம்புசெட் அறையில் உட்கார்ந்து கடிதத்தை வரிவரியாக ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்தில் மூளை உள்ளவள் முப்பிடாதி ஒருத்திதான், ஆனால் அவளை யாரும் கூப்பிடவில்லை.

"முதல்ல, ஒரு வாளி கொண்டுவரணும்னு போட்டிருக்கான்" என்றார் பலவேசம்.

"வெறும் வாளியா, தண்ணியோடயா?" என்று கேட்டான் கொம்பையா.

பலவேசம் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் போடல."

"அப்பம் பாதித் தண்ணியோட கொண்டு போயிருவோம். எப்படிக் கேட்டாலும் பாதியாவது சரியா இருக்கும்லா?"

இவ்வளவு யோசிக்கிற தம்பி தனக்கு இருப்பதை நினைத்துப் பலவேசத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டில் இருந்தது கிணற்று வாளி ஒன்றுதான். கயிற்றை அவிழ்க்கச் சொல்லிக் கடிதத்தில் ஒன்றும் இல்லாததால் இருபது முழக் கயிற்றோடு அதை எடுத்து வைத்தார்கள்.

அடுத்தது தலைமுடி. ஒட்ட வெட்டியிருக்க வேண்டுமாம். வெட்டினார்கள். வெட்டி முடித்த பிறகுதான் கீழே இருந்த வரியை உடையார் வாசித்தான். விண்ணப்பத்தில் ஒட்டிய புகைப்படமும் நேரில் வருபவரின் தோற்றமும் ஒத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேர்வு ரத்து.

பலவேசம் அவசரமாகப் போட்டோவின் இன்னொரு பிரதியை எடுத்தார். அதில் மாசானத்துக்கு நெற்றி நிறைய முடி. ஸ்டுடியோக்காரர் மாட்டிவிட்ட கறுப்புக் கோட்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பக்கக் கன்னம் பன்னு மாதிரி வீங்கியிருந்தது. போட்டோ எடுக்கப் போகிற வழியில் அவனைக் குளவி கொட்டியிருந்தது.

முடிக்கு வழி கிடைத்தது. வெட்டிய முடியைப் பெருக்கி எடுத்துப் பொட்டலம் கட்டினார்கள், கேட்டால் காட்டிக்கொள்ளலாம். கோட்டையும் ஸ்டுடியோவில் கெஞ்சி வாங்கியாயிற்று. கன்னத்துக்குத்தான் என்ன செய்வது என்று புரியவில்லை.

"கொட்டைப்பாக்க அடக்கிக்கிட்டா?" என்றான் உடையார்.

"சர்க்கார் வேலைக்குப் போறோம், அதுல போயி ஏமாத்தா?" என்று பலவேசம் சீறினார். "நேர்மையா வீங்கணும்லே. குளவிதான் கொட்டணும்."

"எந்தக் கன்னத்துல மாமா?" என்று மாசானம் கேட்டான். "அன்னைக்கு எனக்குக் கொட்டுனது இடது கன்னம்."

கொம்பையா போட்டோவை முகத்துக்கு நேராகப் பிடித்தான். "போட்டோவுல என் வலது கைப்பக்கம்லா வீங்கியிருக்கு?"

"கொட்டு வாங்குனது நான். எனக்குத் தெரியாதா சின்ன மாமா?"

"உனக்குத் தெரிஞ்சு என்னலே செய்ய? அவன் பாக்கப்போறது போட்டோவத்தான்."

வெயில் சாயும் வரை விவாதம் நடந்தது. கடைசியில் பலவேசம் தீர்ப்புச் சொன்னார். இரண்டு கன்னத்தையும் வீங்க வைத்துவிட வேண்டும், அதிகாரிக்கு எது வேண்டுமோ அதை அவர் எடுத்துக்கொள்ளட்டும்.

சாப்பாடு கொண்டுவந்த முப்பிடாதி இதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "அத்தான், உங்க மூஞ்சி உங்க மூஞ்சிதான? சும்மா அப்படியே போங்க."

"நீ பேசாம இருட்டி" என்றார் அப்பா. "உன் கல்யாணத்துக்குத்தான் இவ்வளவு பாடு."

வீக்கம் இரண்டு நாளில் வடிந்துவிடும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை வரை பொறுத்திருந்தார்கள். பம்புசெட் அறையின் மூலையில் ஒரு குளவிக்கூடு இருந்தது. கொம்பையாவும் உடையாரும் மாசானத்தைத் தூக்கி அவன் இடது கன்னத்தைக் கூட்டின் மேல் பக்குவமாக வைத்தார்கள். பலவேசம் கம்பால் கூட்டைத் தட்டினார்.

குளவிகளுக்குக் கடிதம் வரவில்லை அல்லவா? முதலில் பலவேசத்தைக் கொட்டின. பிறகு உடையாரை, பிறகு கொம்பையாவை. மூன்று பேரும் அலறிக்கொண்டு வாய்க்காலில் விழுந்தார்கள். மாசானம் மட்டும் கீழே விழுந்த இடத்திலேயே அமைதியாகக் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை ஒரு குளவியும் சீண்டவில்லை. "என்னையும் கொட்டு தாயி, முப்பிடாதிக்காகவாவது கொட்டு" என்று கெஞ்சினான். அழுகையே வந்துவிட்டது. பொழுது இறங்குகிற நேரத்துக்கு, மனசு இளகியதோ என்னவோ, இரண்டு குளவிகள் திரும்பி வந்து கன்னத்துக்கு ஒன்றாகக் கொட்டிவிட்டுப் போயின. அவன் சந்தோஷத்தில் கத்தினானா வலியில் கத்தினானா என்று எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் நாலு பேரும் ஏறினார்கள். பாதி வழியில் பலவேசத்துக்குப் புதுக் கவலை பிடித்துக்கொண்டது.

"ஏலே, இப்பம் நாம நாலு பேருமே போட்டோ மாதிரிலா இருக்கோம்? மாத்தி என்னையப் பிடிச்சு வேலையில போட்டுட்டா என்ன செய்யது? எனக்கு உழவு கிடக்கு."

அந்தக் கவலையும் தீர்ந்தது. கோட்டை மாசானத்தைத் தவிர வேறு யாரும் தொடக் கூடாது என்று மூன்று பேரும் சத்தியம் செய்தார்கள். வாளித் தண்ணீர் கண்டக்டர் காலில் சிந்தியதைப் பற்றி இங்கே சொல்ல வேண்டாம். அவர் சொன்ன வார்த்தைகள் அச்சில் வரக்கூடியவை அல்ல.

பயிற்சிப் பள்ளி வாசலில் போய் நின்றபோது மணி எட்டரை. கடிதத்தை நுழைவாயில் கேட்டில் ஒப்படைக்க வேண்டும் என்று கடைசி வரி சொல்லியிருந்தது. காவல்காரர் டீ குடிக்கப் போயிருந்தார். பலவேசம் கடிதத்தைக் கேட்டின் கம்பியில் செருகி, கும்பிட்டு, ஒப்படைத்தார். பிறகு நாலு பேரும் ரோட்டின் எதிர்ப்பக்கம் போய் மரியாதையாக நின்றுகொண்டார்கள். காவல்காரர் திரும்பி வந்தார், கடிதத்தைப் பார்த்தார், உருவிக்கொண்டு உள்ளே போனார். மாசானம் வந்துவிட்டதாகப் பதிவேட்டில் எழுதியும் விட்டார்கள். ஆனால் மாசானம் இன்னும் வெளியேதான் நின்றான்.

"உள்ள போலே" என்றான் உடையார்.

மாசானம் கேட்டருகே போய் நின்று பலகையைப் படித்தான். "அண்ணே, வெளியாட்கள் உள்ளே வரக் கூடாதுன்னு எழுதியிருக்கு."

"நீதான் வேலைக்கு வந்த ஆளாச்சே?"

"உள்ள போனாத்தான உள்ளாளு? இப்பம் நான் வெளியதான நிக்கேன்?"

மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பயல் சட்டம் பேசுகிறான். மணி எட்டே முக்கால். பலவேசத்துக்கு மகள் முகம் கண்ணில் வந்தது, உரக்கடைக்காரன் முகமும் வந்தது.

அப்போது கொம்பையா சுவரைக் காட்டினான். "அண்ணே, அந்தப் பலகை கேட்டுலதான தொங்குது. சுவத்துல வேறல்லா எழுதியிருக்கு?"

ஆமாம். சுவரில், விளம்பரம் ஒட்டக் கூடாது என்றுதான் இருந்தது.

"நம்மகிட்ட ஒட்டுறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார் பலவேசம். "ஏறுலே மாப்ள."

வாளியை வீசிச் சுவருக்கு உள்பக்கம் இருந்த வேப்பங்கிளையில் கயிற்றைச் சிக்கவைத்தார்கள். மிச்சமிருந்த தண்ணீர் பலவேசத்தின் தலையிலும் மாசானத்தின் கோட்டிலும் கொட்டியது, பலவேசம் அதைச் சகுனமாக எடுத்துக்கொண்டார். மாசானம் கயிற்றைப் பிடித்து ஏறி உள்ளே குதித்தான். கோட்டு நனைந்துவிட்டதால் கழற்றி மரத்தில் காயப்போட்டுவிட்டு, வெள்ளைப் பனியனோடு மைதானத்தில் வரிசையில் போய் நின்றான். பெயரைக் கூப்பிட்டார்கள், "உள்ளேன் ஐயா" என்றான். மணி ஒன்பதுக்கு இரண்டு நிமிஷம். போட்டோவையோ கன்னத்தையோ ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

பேரெடுப்பு முடிவதற்குள் காவல்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். யாரோ சுவரேறி உள்ளே குதித்திருக்கிறான், வாளியும் கயிறும் கோட்டும் மரத்தில் தொங்குகின்றன என்றார். பயிற்சி தரும் ஏட்டையாவுக்கு மீசை துடித்தது.

"போலீஸ் பள்ளிக்குள்ளேயே ஒருத்தன் குதிச்சிருக்கான்! அவனப் பிடிக்காம ஒருத்தருக்கும் இட்லி கிடையாது. ஓடுங்கடா!"

இருநூறு பேர் ஓடினார்கள். மாசானத்துக்கு வந்த கோபம் வேறு யாருக்கும் வரவில்லை. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளிலேயே இப்படி ஒரு அக்கிரமமா? கழிவறையைத் தேடினான், சமையல்கட்டில் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான், ஏட்டையாவின் அறையில் கட்டிலுக்கு அடியில் படுத்துப் பார்த்தான். பதினோரு மணிக்கு மற்ற எல்லாரும் சுருண்டு விழுந்துவிட்டார்கள். மாசானம் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தான். ஏட்டையா அவனை நிறுத்தித் தோளில் தட்டினார்.

"நீதாண்டா போலீஸு. பேரு என்ன? அந்தச் சுவர்ப் பக்கம் நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன் ஐயா" என்றான் மாசானம் விறைப்பாக. "நான் சுவரேறிக் குதிக்கும்போது அங்க ஒரு ஈ காக்கா இல்ல. எனக்கு முன்னாலயே எவனோ குதிச்சிருக்கான்."

ஏட்டையா மீசையைத் தடவியபடி வெகுநேரம் யோசித்தார். கோணாங்குளத்துக்கு அவர் ரொம்பத் தூரத்துச் சொந்தம் என்று பிறகு தெரியவந்தது. திடீரென்று அவர் கண் விரிந்தது. மைதானத்தைப் பார்த்து, படுத்துக் கிடந்தவர்கள் எல்லாம் பதறி எழும்படி ஒரு சத்தம் போட்டார்.

"ஏ, குதிச்சது ரெண்டு பேருடா! ரெண்டு பேரையும் பிடிங்க!"

மாசானம்தான் முதலில் ஓடினான்.